அரிச்சல்முனையிலிருந்து கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு?

இராமேசுவரம் தீவில் பேருந்து, சுற்றுலா, சாலைக் காவல் ஆகியவற்றைக் கவனிக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

விடுமுறை நாள் மாலைகளில், தீவின் கோடியில் சாலை முடியும் அரிச்சல்முனை ரவுண்டானா எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. தூணைச் சுற்றிக் காரும் வேனும் அடைத்து நிற்கும். பேருந்து திரும்ப இடமில்லாமல் தவிக்கும். அது நிற்பதற்குள் படிக்கட்டு நிறைந்துவிடும். ஏற முடியாமல் கீழே நிற்பவர்கள் "இன்னொன்று வருமா?" என்று நடத்துநரிடம் கேட்பார்கள். அவருக்கே உறுதியாகத் தெரியாது. சங்கும் பாசிமணியும் விற்கும் அக்காமார்தான் "வரும், கொஞ்சம் பொறுங்க" என்று ஆறுதல் சொல்வார்கள். அரசுப் பேருந்தின் நேரத்தை வியாபாரம் செய்ய வந்தவர்கள் சொல்லித்தான் பயணி தெரிந்துகொள்ள வேண்டுமா?

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். கடைசிப் பேருந்தின் நேரத்தை முனையில் எழுதி வையுங்கள். எழுதிய நேரத்துக்குப் பேருந்தை அனுப்புங்கள்.

இது யாருக்காக என்று கேட்டால், தனியாக வருகிறவர்களுக்காக. ஒரு நாள் லீவு போட்டு, தோளில் ஒரு பையோடு இரண்டு கடலையும் பார்த்துவிட்டுப் போக வருகிறவர்கள் இவர்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஆட்டோ வாடகையை ஐந்தாகப் பங்கிட்டுக்கொள்ளும். தனியாள் அதே வாடகையை முழுசாகக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இங்கே ஆட்டோ ஆள் கணக்கில் ஓடுவதில்லை, நடைக் கணக்கில் ஓடுகிறது. சாலை வருவதற்கு முன்பு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் ஓடிய வேன்களில் தலைக்கு இவ்வளவு என்றுதான் வாங்கினார்கள். ஆள் நிறையும் வரை காத்திருக்க வேண்டும், எலும்பெல்லாம் குலுங்கும். ஆனாலும் தனியாளுக்கு ஓர் இருக்கை உண்டு, கொண்டுபோன வேனே திரும்பவும் கூட்டிவரும். 2017 ஜூலையில் சத்திரத்திலிருந்து முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. அருமையான சாலை, அதில் மறுபேச்சில்லை. ஆனால் தலைக்கட்டண வேனின் இடத்தைப் பேருந்துதான் நிரப்பியிருக்க வேண்டும். காலையில் நிரப்புகிறது, மாலையில் நிரப்புவதில்லை.

காரணம் எளிது. போகிற கூட்டம் காலையிலிருந்து பிற்பகல் வரை பரவலாகப் போகிறது. திரும்புகிற கூட்டமோ கடைசி இரண்டு மணி நேரத்தில் மொத்தமாகக் குவிகிறது. நாள் முழுக்க ஒரே இடைவெளியில் பேருந்து விட்டால் காலையில் இருக்கை காலியாக இருக்கும், மாலையில் படிக்கட்டில் தொங்க வேண்டியிருக்கும். இதில் அதிகம் அடிபடுவது பழைய தனுஷ்கோடியில் நிற்பவர்கள். 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையச் சுவர்களையும் பார்த்துவிட்டுச் சாலையோரம் வந்து கையைக் காட்டினால், முனையிலேயே நிறைந்துவிட்ட பேருந்து நிற்காமல் போய்விடுகிறது. ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை, நிறுத்தினாலும் ஏற்ற இடமிருக்காது.

பேருந்து தப்பினால் என்ன ஆகும் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். முனையிலிருந்து பழைய தனுஷ்கோடி நாலரை கிலோமீட்டர், அங்கிருந்து முகுந்தராயர் சத்திரம் இன்னும் ஐந்து. நல்ல நடைக்காரருக்கே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. வழியில் ஒதுங்க மர நிழல் கிடையாது. ஆனி, ஆடிக் காற்றில் மணல் பறந்து சாலையை மூடும், கண்ணில் அடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் பாதி வழிகூட வராது. கைபேசியில் யாரையாவது அழைக்கலாம் என்றால், சில சமயம் அது இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ரோமிங்கை அணைத்து, நம் நிறுவனத்தை நாமே தேர்ந்தெடுத்தால்தான் இணைப்பு திரும்பும். இருட்டுவதற்குள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்பது உங்கள் விதி. பாதுகாப்புக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விதிக்கும் வராத பேருந்துக்கும் நடுவில் ஒரு பெண் தனியாக நின்றுகொண்டிருந்தால், கடைசியாக நிற்கும் ஆட்டோ கேட்கிற தொகையைக் கொடுப்பதைத் தவிர அவர் வேறென்ன செய்ய முடியும்? போகச் சொல்பவர்களே போகும் வழியையும் கொடுக்க வேண்டாமா?

சென்னைக்கான ரயில்களும் மாலையிலும் முன்னிரவிலும்தான் கிளம்புகின்றன. 2022 டிசம்பரிலிருந்து மண்டபத்தோடு நின்றுபோன ரயில், புதிய பாம்பன் பாலம் திறந்த 2025 ஏப்ரலில்தான் தீவுக்குள் மறுபடி வந்தது. அவ்வளவு பெரிய தூக்குப்பாலத்தைக் கட்டிப் பயணியை இராமேசுவரம் வரை கொண்டுவந்து சேர்த்த பிறகு, மீதி இருபது கிலோமீட்டருக்கு ஒரு நேரப் பலகை இல்லாததால் அவர் ரயிலைத் தவறவிடுவது வேதனையாக இருக்கிறது.

செய்ய வேண்டியவை பெரிய செலவுக்காரியங்கள் அல்ல. ரவுண்டானாவிலும் பழைய தனுஷ்கோடி நிறுத்தத்திலும் முகுந்தராயர் சத்திரச் சோதனைச் சாவடியிலும் பலகை வேண்டும். இரும்புத் தகடு உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும், ஆகவே கல்லிலோ சிமெண்ட் சுவரிலோ வண்ணத்தில் எழுதுங்கள். தமிழோடு இந்தியிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள், வருகிற யாத்ரீகர்கள் அப்படிப்பட்டவர்கள். கடைசிக்கு முந்தைய நடையின் நடத்துநர் முனையில் எத்தனை பேர் மிச்சம் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பணிமனைக்குச் சொல்லட்டும். ஒரு பேருந்துக்கு மேல் ஆள் இருந்தால் இரண்டு பேருந்து வரட்டும். அவற்றில் ஒன்று முனைக்குப் போகாமல், பழைய தனுஷ்கோடியில் நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு அங்கிருந்தே கிளம்பட்டும். ரவுண்டானாவின் வளைவில் வண்டி நிறுத்துவதை அடியோடு தடுங்கள். நெரிசல் நாளில் கார்களைச் சத்திரத்தில் நிறுத்தி வைக்கும்போது பேருந்தை மட்டும் முதலில் விடுங்கள். கார் வரிசையில் அதுவும் சிக்கிக்கொண்டால் எழுதி வைத்த நேரத்துக்கு மதிப்பே இல்லை.

பலகை எழுதும்போதே இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல் என்று இங்கே வழக்கமாகச் சொல்கிறோம். கேட்கிற வெளியூர்க்காரர் பெண்கடல் எப்போதும் அமைதி என்று நம்பி இறங்கிவிடுகிறார். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றில் சீறுவது அந்த வடக்குக் கடல்தான். முனையில் இரு நீரோட்டமும் மோதும் இடத்தில் மணல் நாளுக்கு நாள் இடம் மாறுகிறது, முழங்கால் ஆழம் அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும். கூட்டமாக வந்தவரை இழுத்துப் பிடிக்கப் பக்கத்தில் ஒரு கையாவது இருக்கும். தனியாக வந்தவருக்கு அந்தப் பலகையை விட்டால் வேறு துணையில்லை.

சுற்றுலாத் திட்டம் என்றாலே வாகன நிறுத்தம், அலங்கார வளைவு, படமெடுக்கும் மேடை என்றுதான் பேச்சு போகிறது. வாகனத்துக்கு ரசீது உண்டு, அதனால் கணக்கிலும் உண்டு. பேருந்தில் வந்து இறங்குபவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. வருத்தத்தில் சற்று அழுத்திச் சொல்லியிருந்தால் பொறுத்தருளுங்கள். கடும் வெயிலில் பணியாற்றும் நடத்துநர்கள் மீதோ காவலர்கள் மீதோ எங்களுக்குக் குறை எதுவும் இல்லை.

அடுத்த தை அமாவாசைக் கூட்டம் வருவதற்குள், அரிச்சல்முனையிலிருந்து கடைசிப் பேருந்து புறப்படும் நேரத்தை எழுதி வைத்து, அந்த நேரத்துக்குப் பேருந்தை அனுப்பி உதவுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தனியாக வந்து போகும் பயணிகள்