பொருள் எண் 17

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கைக்கு வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் கீழத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று அழைப்பு வந்துவிட்டது. அதன்பிறகு இன்றுதான் நேரம் வாய்த்தது. உன் மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்ட செய்தியை அம்மாவிடம் சொன்னேன். "அந்தச் சுட்டிப் பெண்ணா?" என்று வாயைப் பிளந்தார். அம்மாவின் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுபடி தானே செய்தித்தாள் படிக்கிறார். உள்ளாட்சிச் செய்தி கண்ணில் பட்டால் அடுப்படி வரைக்கும் கேட்கும்படி எனக்கு வாசித்துக் காட்டுகிறார்.

"கவுன்சிலராகி இத்தனை காலம் ஆயிற்று, நகராட்சி மன்றத்தில் உட்கார்ந்து அப்படி என்னதான் செய்கிறாய்?" என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. என் வார்டில்கூட யாரும் இதைக் கேட்டதில்லை. பட்டா மாறுதல், ரேஷன் அட்டை, முதியோர் உதவித்தொகை என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் வருகிறார்கள். அவை எதுவும் நகராட்சியின் கையில் இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் வழங்கல் அலுவலகத்துக்கும் போக வேண்டியவை. ஆனாலும் அனுப்பிவிட மனம் வருவதில்லை, கூடவே போய்வருகிறேன்.

மன்றத்தின் வேலை வேறு. கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு மன்றப் பொருள், அதாவது கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டியவற்றின் எண்ணிட்ட பட்டியல், அடங்கிய கட்டு ஒன்று வீட்டுக்கு வரும். முதல் பக்கங்களில் சென்ற மாதப் பிறப்பு, இறப்புப் பதிவு விவரம் இருக்கும். பிறகு தினசரி மார்க்கெட் சுங்க வசூல் குத்தகை, பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடத்தின் ஏலம், பிளீச்சிங் பவுடர் கொள்முதல், தெருவிளக்குச் சாமான்கள், கொசு ஒழிப்புப் பணியாளர்களுக்குப் பணி நீட்டிப்பு, ஒரு சந்துக்குப் பேவர் பிளாக், இன்னொரு சந்துக்குச் சிறுபாலம். ஒவ்வொன்றின் அடியிலும் "மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்" என்ற வரி. படித்தால் தூக்கம் வரும் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. எந்தத் தெருவுக்கு விளக்கு, எந்தத் தெருவுக்கு இருட்டு என்பது அந்தக் காகிதங்களில்தான் முடிவாகிறது. செய்தித்தாளில் வருவது கூச்சலும் வெளிநடப்பும் மட்டுமே.

கூட்டம் தொடங்கியதும் பொருள்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பாதி தூரம் போவதற்குள் யாராவது ஒருவர் "ஆல் பாஸ்" என்று குரல் கொடுப்பார். மேசைகள் தட்டப்படும். மீதிப் பொருள்கள் அத்தனையும் ஒரு நொடியில் தீர்மானமாகிவிடும். அதை மாற்ற வேண்டும் என்பதுதான் இப்போது என் முழு முனைப்பும். ஏன் என்று சொல்கிறேன், கேள்.

சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தில் பொருள் எண் 17 இப்படி இருந்தது: பிரதான குடிநீர்க் குழாயில் ஏற்பட்ட உடைப்பு, அவசர அவசியம் கருதி உடனடியாகச் சரிசெய்யப்பட்டது, அதற்கான செலவினத்துக்கு மன்றத்தின் பின்னேற்பு கோரப்படுகிறது. தொகை சிறியது. குழாய் உடைந்தால் மன்றம் கூடும்வரை காத்திருக்க முடியாது, அடைத்துவிட்டுப் பிறகு அனுமதி கேட்பதே முறை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இடத்தின் பெயர் எனக்குப் பழகியதாக இருந்தது: அரிசி ஆலை அருகில் உள்ள திருப்பம். பழைய கட்டுகளை எல்லாம் நான் பரணில் போட்டு வைத்திருக்கிறேன். இறக்கித் தேடினேன். அதே ஆலை, அதே திருப்பம், அதே வாசகம். மழைக்கு முன்பு ஒன்று, பின்பு ஒன்று, அதற்கு முந்தைய ஆண்டிலும் வந்திருந்தது. எல்லாமே "ஆல் பாஸ்"!

மறுநாள் காலையில் நேரில் போய்ப் பார்த்தேன். ஒட்டுப்போட்ட இடத்தில் தார் உள்வாங்கிக் கிடந்தது. நெல் ஏற்றிய லாரி ஒன்று ஆலைக்குள் திரும்பியது, பின்சக்கரம் சரியாக அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. பக்கத்துப் பெட்டிக்கடைப் பாட்டி, "உடையும்போது மண் மேலே பொங்கும் அம்மா, ரெண்டு முழம் தோண்டினாலே குழாய் வந்துவிடும்" என்றார். குழாய் பழுதுபார்க்கும் பிட்டரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய், ஆழமில்லாமல் போட்டது. சாலை அகலமாகி லாரிகள் வரத் தொடங்கியபின் சுமை நேராக அதன் தலையில் இறங்குகிறது. எத்தனை முறை அடைத்தாலும் பக்கத்தில் உடையும் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்தில் பழைய தீர்மானங்களின் நகலை வரிசையாக மேசையில் வைத்துப் பேசினேன். உடைப்பை அடைத்த செலவுகளைக் கூட்டிப் பார்த்தால் அந்தத் திருப்பத்துக்கு இரும்புக் குழாய் போடும் செலவில் கணிசமான பங்கு ஏற்கெனவே போய்விட்டது. உடைந்த ஒவ்வொரு முறையும் கீழத் தெருப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததற்கு எந்தக் கணக்கும் இல்லை. உள்ளாட்சிகளுக்கு ஒன்றிய அரசு தரும் 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது, அதில் இந்தப் பணியைச் சேர்க்கலாமே என்றேன். மதிப்பீடு தயாரிக்கத் தீர்மானம் நிறைவேறியது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் எல்லாரும் ஆதரித்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று நடையாய் நடந்து குழாய் இறங்க மாதங்கள் ஆயின. இப்போது லாரி போகிறது, தண்ணீரும் வருகிறது.

நான் பதவி ஏற்ற புதிதில் நடந்ததை உனக்கு எழுதினேனா என்று நினைவில்லை. 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல், மார்ச் 2-ல் பதவியேற்பு. போட்ட மாலைகூட வாடவில்லை, ஏப்ரலில் சொத்துவரிச் சீராய்வு வந்து நின்றது. 600 சதுர அடிக்குக் குறைந்த வீடுகளுக்கு 25 விழுக்காடு, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடு என்று உயர்வு. ஓட்டுக் கேட்டுப் போன அதே வாசல்களில் நின்று அதை விளக்க வேண்டியிருந்தது. திட்டு வாங்கினேன், ஆனாலும் ஒவ்வொரு வாசலுக்கும் போனேன். வரி உயர்ந்தது என்றால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமையும் கூடவே உயர்கிறது என்று அப்போதே அவர்களிடம் சொன்னேன். அதே வாசல்களுக்கு இன்று பதில் சொல்ல வேண்டியவள் நான். இந்தக் கட்டுகளை விடாமல் படிப்பது அதனால்தான்.

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீடு 2016-ல் சட்டமானது. எங்கள் மன்றத்தில் பாதிப் பேர் பெண்கள். தொடக்கத்தில் சிலருடைய கைப்பேசியைக் கணவர்தான் எடுப்பார். மன்றப் பொருளும் அவர் கைக்கே போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஓட்டு விழுந்தது அந்தப் பெண்ணுக்கு அல்லவா? இப்போது கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை எங்கள் வீட்டுத் திண்ணையில் நாங்கள் சில பெண் உறுப்பினர்கள் சேர்ந்து உட்கார்ந்து படிக்கிறோம். கட்சி வேறு வேறுதான். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் தம் வார்டில் கண்டதைச் சொல்கிறோம். வாயே திறக்காமல் இருந்த ஒருவர் சென்ற கூட்டத்தில் எழுந்து, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்குச் சம்பளம் தாமதமாவது ஏன், வருங்கால வைப்பு நிதி கட்டிய ரசீது எங்கே என்று கேட்டார். அவை அமைதியாகிவிட்டது. பதிலை எழுத்தில் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வரும்வரை நாங்கள் விடப்போவதில்லை.

வார்டு செய்திகள் மற்றபடி வழக்கம்போல. நம் பள்ளிக்கூடத்துப் பின்பக்க வடிகாலுக்கு மூடி போட்டாயிற்று. பேருந்து நிலையத்துப் பூக்காரர்களுக்கு வியாபாரி அடையாள அட்டை கிடைக்க அலைந்துகொண்டிருக்கிறேன். 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடம் அந்த வியாபாரிகளுக்கே. அதை அவர்களிடம் சொன்னபோது நம்பவே இல்லை.

இனி உன்னிடம் ஒரு வேலை. வரவு செலவுத் திட்டம் அடுத்த மாதம் மன்றத்துக்கு வருகிறது. எங்களுக்கு வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று மூன்று தனிக் கணக்குகள். குடிநீர்க் கணக்கில் மின்கட்டணம் பாக்கியாக ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் குடிநீர்க் கட்டண நிலுவை எவ்வளவு, அதில் வசூலாகக்கூடியது எவ்வளவு என்று அந்தப் பக்கங்களில் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நீ வாழ்நாள் முழுதும் கணக்குத் தணிக்கையில் இருப்பவள். கடந்த மூன்று ஆண்டுகளின் பக்கங்களைப் படமெடுத்து இன்றிரவே அனுப்புகிறேன். எந்த வரியில் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று மட்டும் குறித்துக் கொடு, கேட்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பாவது கிடைத்தால் திண்ணையில் எல்லாரோடும் உட்கார்ந்து பேச வசதியாக இருக்கும்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். உன் மாமியாரின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பள்ளித் தோழி