படம் எப்படி இருந்தது என்று கேட்டால்

அன்புள்ள அம்முவுக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். படம் உனக்குப் பிடித்ததா என்று ஒரே வரியில்தான் கேட்டிருந்தேன். நீ பெரிய அறிக்கையே வாசித்துவிட்டாய். விமர்சனத்தில் என்ன எழுதினார்கள், மதிப்பெண் எவ்வளவு, வசூல் எப்படி, உன் தோழி ஏன் பாதியில் எழுந்து போனாள், எல்லாம் வந்தது. உனக்குப் பிடித்ததா என்பது மட்டும் வரவில்லை. கடைசியில் "ஆவரேஜ்தான்மா, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று முடித்துவிட்டாய். இதைப் போனில் கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விமர்சகர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல விமர்சனம் படித்தால் நான் கவனிக்காமல் விட்ட காட்சி கண்ணில் படுகிறது. ஆனாலும் டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்குகிற ஆட்களின் பேச்சை ஒட்டுக்கேட்பதில் இருக்கிற சுகமே தனி. "ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர், செகண்ட் ஹாஃப் இழுவை." "ஒரு தடவை பார்க்கலாம்." "லாஜிக் எல்லாம் பார்க்கக் கூடாது." "எல்லாத்தையும் டிரெய்லர்லயே காட்டிட்டாங்க." இவர்கள் யாரும் தீர்ப்பு எழுத உட்காரவில்லை. கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே, வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே சொல்கிறார்கள். அதனால் அதில் அவசரமும் இருக்கும், உண்மையும் இருக்கும். இரண்டையும் பிரித்தெடுக்கத் தெரிந்தால் போதும்.

நான் கவனித்தவரை, எங்கே வலிக்கிறது என்று சொல்வதில் பார்வையாளர் அநேகமாகத் தப்பு செய்வதில்லை. ஏன் வலிக்கிறது என்பதில்தான் கோட்டை விடுகிறார். இரண்டாம் பாதி இழுவை என்கிறார்களே, பல படங்களில் கோளாறு முதல் பாதியில்தான் இருக்கும். இடைவேளைக்குள் கதாநாயகனின் பிரச்சினை பாதி தீர்ந்திருக்கும், அல்லது அவனுக்கு என்னதான் வேண்டும் என்று கடைசிவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்புறம் பாட்டை வெட்டி, சண்டையைச் சுருக்கி என்ன பயன்?

ஹாலிவுட்டில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு உண்டு. படம் வெளிவருவதற்கு முன்பே சாதாரண மக்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டி, அபிப்பிராயம் கேட்பார்கள். 1982-இல் வந்த 'பிளேடு ரன்னர்' படத்தை அப்படிக் காட்டியபோது, புரியவில்லை, முடிவு சோர்வாக இருக்கிறது என்றார்கள். தயாரிப்புத் தரப்பு என்ன செய்தது தெரியுமா? ஹாரிசன் ஃபோர்டைப் பின்னணியில் பேசவைத்துக் கதையை விளக்கியது. கடைசியில் ஒரு சந்தோஷமான முடிவையும் ஒட்டவைத்தது. அப்படியும் படம் பெரிதாக ஓடவில்லை. 1992-இல் அந்தக் குரலையும் அந்த முடிவையும் தூக்கிவிட்டு மறுபடி வெளியிட்டார்கள். படத்தின் ரசிகர்கள் இன்று கொண்டாடுவது குரல் இல்லாத வடிவத்தைத்தான். புரியவில்லை என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. மருந்துதான் மாறிப்போனது.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 'ஃபேட்டல் அட்ராக்‌ஷன்' (1987) படத்தில், கதாநாயகனை விடாமல் துரத்துகிற பெண் கடைசியில் தன்னையே மாய்த்துக்கொள்வதாகத்தான் முதலில் எடுத்திருந்தார்கள். வெளிவருவதற்கு முன்பே பார்த்தவர்கள் அதை ஏற்கவில்லை. முடிவை மாற்றி எடுத்தார்கள், படம் சக்கைப்போடு போட்டது. பார்வையாளர் பேச்சைக் கேட்டால் வசூல் வரும் என்பதற்கு அதைக் காட்டுவார்கள். படம் மேலும் நல்ல படம் ஆனதா என்பது வேறு சங்கதி. அந்தப் பெண்ணாக நடித்த கிளென் குளோஸுக்கே மாற்றிய முடிவில் சம்மதம் இருக்கவில்லை.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு முறை எனக்குப் பக்கத்து இருக்கையில் என் வயதுப் பெண்மணி ஒருவர் இருந்தார். படத்தின் கடைசிக் கால் மணி நேரம் முழுக்க அழுதார். சத்தமே இல்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு, தோள் மட்டும் குலுங்கியது. விளக்குப் போட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாசலில் அவர் மகன், "எப்படிம்மா இருந்துச்சு?" என்றான். "ம்ம், சுமார்தான்" என்றார். நான் பின்னாலேயே நின்றேன். சிரிப்பு வந்தது, கொஞ்சம் பரிதாபமாகவும் இருந்தது. அழுததைச் சொன்னால் விவரம் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்னவோ. மகன் அதற்குள் போனைத் திறந்து மதிப்பெண் பார்த்துக்கொண்டிருந்தான். உன் குரல் பதிவைக் கேட்டபோது அவர்கள் இரண்டு பேருமே ஞாபகத்துக்கு வந்தார்கள்.

நீ அடிக்கடி சொல்கிற அந்தச் சதவீதக் கணக்கை நான் கொஞ்சம் விசாரித்தேன். விமர்சனங்களைத் திரட்டிக் கணக்குப் போடுகிற ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தில் 90 சதவீதம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் என்றுதானே நீயும் நினைத்துக்கொண்டிருக்கிறாய்? அப்படி இல்லையாம். நூறு விமர்சகர்களில் தொண்ணூறு பேர் படம் தேறும் என்று சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தொண்ணூறு பேருமே "பரவாயில்லை" என்று முனகியிருந்தாலும் 90 வந்துவிடும். பாதிப் பேர் உருகி, பாதிப் பேர் வெறுத்த படத்துக்கு 50தான் வரும். இரண்டில் எதற்குப் போகலாம் என்று கேட்டால் நான் 50க்குத்தான் போவேன். சண்டை போடவாவது ஏதோ இருக்கிறதே! பார்வையாளர் போடுகிற நட்சத்திரத்திலும் பாதி, ரசிகர் சண்டை. பத்துக்குப் பத்து போடுகிறவனும் பத்துக்கு ஒன்று போடுகிறவனும் ஓட்டுப் போடுகிறார்கள். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் இருக்கிறது. படம் வெளியான முதல் நாள் இரவே தியேட்டரில் பார்வையாளர்களிடம் அட்டை கொடுத்து மதிப்பீடு கேட்கிறது. ஏ முதல் எஃப் வரை. 2018-இல் வந்த 'ஹெரிடிட்டரி' என்ற பேய்ப்படத்தை விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அந்த அட்டைகளில் கிடைத்ததோ டி பிளஸ். முதல் நாள் ஓடிப்போய்ப் பார்ப்பவர் ஒரு எதிர்பார்ப்போடு போகிறார். அது கிடைக்காவிட்டால் கோபம் வரத்தானே செய்யும். ஆக அந்த மதிப்பெண்ணில் படம் கொஞ்சம், விளம்பரம் கொஞ்சம், பார்த்தவரின் மனநிலை கொஞ்சம் எல்லாம் கலந்துதான் இருக்கிறது.

காலம் போனால் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகும். 'அன்பே சிவம்' 2003-இல் வந்தபோது தியேட்டரில் எடுபடவில்லை. பின்னால் டிவியில் போடப்போட அதற்கு ஆள் சேர்ந்தது. இன்று அதைப் பிடிக்காது என்று சொல்லத்தான் தைரியம் வேண்டும். 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' (1994) கதையும் அதேதான். தியேட்டரில் தோற்று, வீடியோவிலும் டிவியிலும் பிழைத்து, பல வருஷமாக, ஐஎம்டிபி என்ற சினிமா இணையதளத்தில் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு வருகிற பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. அந்த முதல் வாரத்தில் யாரோ சிலர் வெளியே வந்து "எனக்குப் பிடிச்சிருந்தது" என்று நாலு பேரிடம் சொல்லியிருப்பார்கள். எல்லோரும் சொல்வதைப் பார்த்துச் சொல்லலாம் என்று அவர்களும் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

என் அபிப்பிராயமே மாறியிருக்கிறது. காதலுக்காகப் பெண் வீட்டை விட்டுப் போகிற படம் ஒன்று, பெயர் வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்தபோது, வாசலை மறித்து நிற்கிற அம்மாவைக் கண்டாலே எனக்கு ஆகாது. சமீபத்தில் டிவியில் போட்டபோது பார்த்தால், அந்த அம்மாவுக்குப் படம் முழுக்க நாலு வரி வசனம்தான். எழுதியவருக்கு அவள் ஒரு கதவு மாதிரி, அவ்வளவுதான். இதை ஒரு குறையாக எந்த விமர்சனத்திலும் நான் படிக்கவில்லை. ஆனால் எனக்கு அது குறைதான். படம் பிடிக்குமா என்றால் இன்னும் பிடிக்கும், அந்தப் பாட்டுகளுக்காக.

உன் அப்பாவின் அளவுகோல் உனக்குத் தெரியுமே. தூக்கம் வந்ததா, வரவில்லையா. "தூங்கவே விடலை" என்று அவர் சொன்னால் அதுதான் பெரிய விருது. நாமெல்லாம் கிண்டல் செய்வோம். ஆனால் யோசித்துப் பார், அதில் கடன் வாங்கிய வார்த்தை ஒன்றுகூட இல்லை. அவர் பிடித்தது என்று சொன்ன படத்தை நம்பி நான் போயிருக்கிறேன். உன் ஆவரேஜை நம்பி எப்படிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்காக நீ படித்ததையெல்லாம் மறந்துவிடு என்று சொல்லவரவில்லை. ஒளிப்பதிவு, திரைக்கதை என்று நீ விளக்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல், நான் விரும்புகிற படமாக இருந்தாலும் சரி. எந்த இடத்தில் மனம் விலகியது, எந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தாய், யாரைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது, அதைச் சொல். காரணம் தெரியாவிட்டால் போகட்டும், சேர்ந்து தேடுவோம்.

சனிக்கிழமை இன்னொரு படத்துக்குப் போவதாகச் சொன்னாயே. முடிந்து வெளியே வந்ததும், போனில் வேறு எதையும் திறப்பதற்கு முன்னால் எனக்குப் பேசி அனுப்பு. உளறினாலும் பரவாயில்லை. கிளைமாக்ஸை மட்டும் சொல்லிவிடாதே, நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அப்பாவுக்கு இப்போதே ஓரத்து சீட்டாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன், சாய்ந்து தூங்க வசதியாக.

அன்புடன்,
அம்மா