குளிர் கோட்டுகளை இப்பவே கொண்டு வாங்கோ: ஃபோல் (இலையுதிர்) காலத்துக்கு எங்கட தையல் கடையில இருந்து ஒரு மடல்

அன்பான அக்காமார், அண்ணாமார், அன்ரிமார், அங்கிள்மார் எல்லாருக்கும் வணக்கம்,

செப்டெம்பர் பிறந்திட்டுது எண்டா கடைக்கு வாற ஆக்கள் கேக்கிறது ரெண்டு கேள்விதான். நவராத்திரிக்கு பிளவுஸ் எப்ப தருவீங்கள், பிள்ளையின்ர கோட்டுக்கு சிப் மாத்த எவ்வளவு நாள் எடுக்கும். ரெண்டுக்கும் பதில் ஒண்டுதான், நீங்கள் எப்ப கொண்டு வாறியள் எண்டதைப் பொறுத்தது. அதை விளங்கப்படுத்தத்தான் இந்த மடல். ஆனா எழுதத் தொடங்கினா ஃபோல் காலத்தைப் பற்றிக் கதைக்காமல் விட ஏலாது, ஏனெண்டா ரொறன்ரோவில நல்லா உடுத்திக்கொண்டு வெளியில திரியக்கூடிய காலம் இதுதான், யூலையில வேர்த்துக் கொட்டும், ஜனவரியில என்ன உடுத்தாலும் மேல ஒரு பெரிய கோட் வந்து எல்லாத்தையும் மூடிப்போடும்.

முதல்ல வேலை விஷயம். நவராத்திரியும் தீபாவளியும் இந்த ரெண்டு மூண்டு மாசத்துக்குள்ளயே வருது, அதே நேரம் ஒரு நாள் காலமை கார் கண்ணாடியில வெள்ளையா உறைபனி பிடிக்கும், அண்டைக்குப் பின்னேரமே ஸ்காபரோவில இருக்கிற அறுந்த சிப் எல்லாம் எங்கட மேசைக்கு வந்திடும். அதால கோட் வேலை இருந்தா செப்டெம்பருக்குள்ளயே தந்திடுங்கோ, பிளவுஸ் எண்டா விசேஷத்துக்கு மூண்டு கிழமைக்கு முதல். அவசரம் எண்டு சொன்னா செய்து தருவம்தான், ஆனா அவசரத்தில தைச்ச லைனிங்கை எங்களுக்கே பார்க்கப் பிடிக்கிறேல்ல.

பிள்ளையளுக்கு ஒரு சைஸ் பெருசா கோட் வாங்குங்கோ. கையை உள்ளுக்கு மடிச்சு, வெளியில தெரியாமல் தையல் போட்டுத் தருவம், அடுத்த வருஷம் வந்தா பிரிச்சு விடலாம். துணியை வெட்ட மாட்டம். வெட்டினா கை நேர்த்தியா இருக்கும் எண்டு சில பேர் கேக்கிறவை, ஆனா வளருற பிள்ளைக்கு வெட்டிறது காசை வெட்டிறதுதான்.

சில வேலையை நாங்கள் ஏலாது எண்டு சொல்லுறதுக்கும் காரணம் இருக்கு, கோவிக்காதேங்கோ. மழை ஜாக்கெட்டில ஊசி போன இடமெல்லாம் ஓட்டை, பிறகு அந்த ஓட்டையால தண்ணி உள்ள வரும், உள்பக்கம் திரும்ப ரேப் ஒட்டினாத்தான் சரி, எங்களிட்ட அந்த மெஷின் இல்ல. இறகு வச்ச ஜாக்கெட்டிலயும் நடுவால தைக்கக் கேக்காதேங்கோ, ஓட்டையால ஒவ்வொரு இறகா வெளிய வந்துகொண்டே இருக்கும். சிப், பட்டன், கை நுனி, அதெல்லாம் தாராளமாச் செய்யலாம்.

இனி ஃபோலுக்கு என்ன உடுத்திறது எண்ட கதை. புதுசா வாங்கத் தேவையில்ல எண்டு உடுப்பு தைக்கிற கடையே சொன்னா சிரிப்பீங்கள், ஆனா உண்மை அதுதான். ஒக்டோபர்ல காலமை 6 பாகை, மத்தியானம் 15 பாகை, பின்னேரம் திரும்பக் குளிர், இதுக்கு ஒரு மொத்தக் கோட் சரிவராது, மெல்லிய உடுப்பா ரெண்டு மூண்டு அடுக்குப் போட்டாத்தான் சரி. அடுக்குகளுக்கு நடுவில நிக்கிற காத்துத்தான் சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கும், வெயில் ஏறினா ஒண்டைக் கழட்டலாம். உடம்போட ஒட்டினபடி பருத்தி போட்டுக்கொண்டு நடக்கப் போகாதேங்கோ, வேர்வையை உறிஞ்சி ஈரமாவே நிண்டு பிறகு நடுங்க வைக்கும். கம்பளி ஈரமானாலும் சூடு தரும். பட்டும் நல்லது, மெல்லிசு ஆனா கதகதப்பு, பெட்டிக்குள்ள கிடக்கிற பழைய பட்டுச் சாறியளைக் கொண்டு வந்தியள் எண்டா அதில லைனிங்கோட ஒரு நீட்டுக் கை மேற்சட்டை தைச்சுத் தரலாம், ஜீன்ஸுக்கு மேல போட்டா அவ்வளவு வடிவு.

சாறி உடுத்துற ஆக்களுக்கு, முழங்கை வரைக்கும் கை வச்ச பிளவுஸ், அடியில தேர்மல் லெகின்ஸ், பாவாடை கொஞ்சம் தடிப்பான துணியில. கரையை நிலத்தில இருந்து ஒரு இஞ்சி தூக்கிக் கட்டுங்கோ, ஈர இலை சேலையில இழுபட்டா மண்ணிறக் கறை பிடிக்கும், பட்டில பிடிச்சா வீட்டில தேய்க்காமல் ட்ரை கிளீனரிட்டக் குடுங்கோ.

படம் எடுக்கிறதுக்கு என்ன நிறம் எண்டு கனபேர் கேக்கிறியள். எல்லாரும் சிவப்பும் மஞ்சளும் கட்டிக்கொண்டு சிவந்த மேப்பிள் மரத்துக்கு முன்னால போய் நிக்கினம், படத்தில ஆளைத் தேட வேண்டிக் கிடக்கு! மயில் நீலம், கரும்பச்சை, இல்லையெண்டா வெள்ளைக்குக் கிட்டின சந்தன நிறம் கட்டிப் பாருங்கோ, மரமும் தெரியும் ஆளும் தெரியும்.

எங்க போறது? அல்கோன்குவின் பார்க் எண்டுதான் எல்லாரும் சொல்லுறது, 1893 ல துவங்கின பழைய பார்க், 60 ஆம் நெடுஞ்சாலை வழிய போனா வடிவுதான், நாங்கள் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா இஞ்சயிருந்து போக மூண்டு மணித்தியாலம், வர மூண்டு மணித்தியாலம், நாள் பாஸ் முன்கூட்டியே ஒன்லைன்ல எடுக்காட்டி வாசல்ல திருப்பி அனுப்புவினம், அதைவிட அங்க மேப்பிள் சிவக்கிறது செப்டெம்பர் கடைசிக் கிழமையும் ஒக்டோபர் முதல் கிழமையும், தாங்ஸ்கிவிங் லோங் வீக்கெண்டுக்குப் போய் மொட்டை மரம் பார்த்திட்டு வந்த ஆக்கள் கனபேர். ரொறன்ரோப் பக்கம் நிறம் பிடிக்கிறது ஒக்டோபர் நடுவிலயும் அதுக்குப் பிறகும்தான். நல்ல வெயில் பகலும் உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் சேர்ந்து வந்த வருஷம் சிவப்பு இன்னும் கடுமையா இருக்கும், மஞ்சள் அப்படி இல்ல, அது முதலே இலைக்குள்ள இருந்தது, பச்சை போனதால வெளிய தெரியுது.

அப்ப கிட்ட இருக்கிற ரூஜ் பார்க்குக்கே போகலாமே. பார்க்ஸ் கனடா நடத்துற நகரப் பூங்கா, உள்ள போகக் காசு இல்ல, ரிரிசி எண்ட ரொறன்ரோ நகர பஸ்லயே போகலாம். விஸ்ரா ட்ரெயில் எண்ட நடைபாதையில ஒரு மேடை கட்டி வச்சிருக்கினம், அதில ஏறி நிண்டா பள்ளத்தாக்கு முழுக்க நிறம். மாஸ்ட் ட்ரெயில் ரெண்டரை கிலோமீற்றர், கப்பல் பாய்மரத்துக்கு பெரிய பைன் மரங்களை வெட்டி இழுத்துக்கொண்டு போன பழைய வழி, ஏற்றம் இறக்கம் இருக்கு, ஹீல்ஸ் போட்டுக்கொண்டு வராதேங்கோ, சப்பாத்துத்தான். ஒரு விஷயம் கட்டாயம், ஃபோல்லயும் அங்க உண்ணி இருக்கு, லைம் நோய் தாற உண்ணி. வெளிர் நிறத்தில கால்சட்டை போட்டு அதை சொக்ஸுக்குள்ள விட்டுக்கொள்ளுங்கோ, உண்ணி ஏறினா கண்ணுக்குத் தெரியும். வீட்ட வந்து போட்ட உடுப்பை ட்ரையர்ல கடும் சூட்டில பத்து நிமிஷம் விடுங்கோ, பட்டையும் கம்பளியையும் மட்டும் ட்ரையருக்குள்ள போட்டிடாதேங்கோ, பிறகு பொம்மைக்குத்தான் உடுத்தலாம். உடம்பையும் ஒருக்கால் பாருங்கோ.

மீன் பார்க்க ஆசை எண்டா போர்ட் ஹோப்புக்குப் போங்கோ, 401 ஆம் நெடுஞ்சாலையில ஒரு மணித்தியாலம் அளவில. கனரஸ்கா ஆத்தில கோபெட் அணைக்கட்டடியில செப்டெம்பரில பெரிய பெரிய சல்மன் மீன் முட்டை போட மேல துள்ளி ஏறுறதை கரையில நிண்டே பார்க்கலாம், அதுகள் ஏற எண்டே படி மாதிரிக் கட்டி வச்சிருக்கினம். பார்க்கத்தான், குழம்புக்கு இல்ல, அங்க வந்து பெருமூச்சு விட்ட அங்கிள்மாரைத் தெரியும். மில்டன் பக்கத்து ரட்டில்ஸ்னேக் பொயின்ற் பூங்காவுக்குப் போறது எண்டா முதலே நேரம் புக் பண்ண வேணும்.

வாற வழியில அப்பிள் தோட்டம் ஒண்டுக்கும் போவியள், பை நிறைய ஆய்ஞ்சுகொண்டு வந்து பிறகு என்ன செய்யிறது எண்டு முழிப்பியள். மக்கின்ரொஷ் எங்கட ஒன்ராறியோவின்ர அப்பிள்தான், 1811 ல டண்டெலா எண்ட ஊரில கண்டுபிடிச்சது, சாப்பிட நல்லம், ஆனா கேக்குக்குள்ள போட்டா கரைஞ்சு கூழாப் போயிடும். கேக்குக்கு கோர்ட்லண்ட் அல்லது ஒக்டோபர் நடுவில வாற நோர்தேர்ன் ஸ்பை. எங்கட வீட்டில எப்பவும் பட்டர் கேக் மாதிரித்தான் செய்யிறது: பட்டர் 250 கிராம், மா 250, சீனி 200 போதும், முட்டை நாலு, பேக்கிங் பவுடர் ரெண்டு தேக்கரண்டி, ஊர்க் கறுவாத்தூள் ஒரு தேக்கரண்டி, ரெண்டு அப்பிள் சின்னனா வெட்டி கொஞ்ச மாவில பிரட்டி கடைசியாப் போட வேணும், இல்லாட்டி எல்லாம் அடியில போய் நிக்கும். 350 ஃபாரனைட்ல ஒரு மணித்தியாலம் அளவில. பட்டரை முதல் நாள் இரவே வெளியில எடுத்து வையுங்கோ, முட்டையை செய்யிறதுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முதல் எடுத்தாப் போதும், ஃபோல்ல குசினி குளிர், குளிர் முட்டையை பட்டருக்குள்ள விட்டா திரிஞ்சு போகும். ஹலோவீனுக்கு வெட்டிற பெரிய பூசணியில கேக் செய்யலாமோ எண்டு கேட்டா வேண்டாம், தண்ணியும் நாரும்தான், பை (pie) செய்யிற சின்னப் பூசணி வாங்குங்கோ.

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்கு வைக்கிற நாள், அதுக்குப் பிறகு பின்னேரம் அஞ்சு மணிக்கே இருட்டு, எங்கயும் போறது எண்டா அதுக்கு முதல் போயிட்டு வாங்கோ. ஒக்டோபர் ரெண்டாம் திங்கள் தாங்ஸ்கிவிங்குக்கு கடை பூட்டு, நாங்களும் வெளிக்கிடுறம். மற்ற நாளில வழமை போலத் திறந்திருக்கும். ஓம், இன்னொண்டு, போன வருஷம் தைக்கத் தந்திட்டு எடுக்க வராத கோட்டுகள் சிலது இன்னும் பின் அறையில தொங்குது, ரிசீட் துலைஞ்சாலும் பரவாயில்ல, வந்து அடையாளம் சொல்லி எடுத்துக்கொண்டு போங்கோ, புதுசுகள் தூக்க எங்களுக்கு இடம் வேணும்.

அன்போட,
உங்கட தையல் கடை, ஸ்காபரோ