தங்கச்சிமடத்து வீடு

தூத்துக்குடி,
18.08.2025

அன்புள்ள நண்பனுக்கு,

பனிமய மாதா திருவிழாவின் கொடியிறக்கம் முடிந்த மறுநாள் உன் கடிதம் கிடைத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு மாதமாகியும் இனி எங்கே இருக்கப்போகிறாய் என்று ஒரு வரி எழுதவில்லையே என்று கோபித்திருந்தாய். சோம்பல் காரணமல்ல. மாமனார் காலமான பின் இராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்து வீடு என் மனைவியின் பங்குக்கு வந்துவிட்டதால், இந்த ஊர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தீவுக்குப் போவதா, அந்த வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு இங்கேயே இருப்பதா என்று இருவரும் நாளுக்கொரு பக்கம் சாய்ந்துகொண்டிருந்தோம்.

இந்த ஊரைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை. துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டுப் பத்துப் பதினோரு ஆண்டு கழித்து நான் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எழுத்தனாகச் சேர்ந்தேன். அன்று முதல் கப்பலின் ஊதலும், கன்டெய்னர் லாரிகளின் உறுமலும், அனல்மின் நிலையத்துக்கு இரவு பகலாக நிலக்கரி போகும் இரைச்சலும் இல்லாத ஒரு நாளை நான் அறிந்ததில்லை. மொட்டைமாடியில் காயப்போட்ட வேட்டியை மடிக்கும்போது விரலில் கரி ஒட்டும். டாக்டரிடம் போனால் இருமலுக்கு முன் முகவரியைத்தான் கேட்கிறார். ஆனாலும் அந்த இரைச்சலில்தான் என் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள். கப்பல் வராத வாரங்களில் எங்கள் அலுவலகத்தில் இருந்த அமைதி யாருக்கும் பிடித்ததில்லை.

தங்கச்சிமடத்துக்கு மே மாதம் போயிருந்தேன். ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தைப் பார்க்கும் ஆசையில் இராமநாதபுரம் வரை பேருந்தில் போய் அங்கிருந்து ரயில் ஏறினேன். பழைய பாலத்தில் தூக்கு இரண்டாகப் பிளந்து எழும், இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே லிஃப்ட் போல நேராக மேலே போகிறது. 1914-ஆம் ஆண்டுப் பாலம் பக்கத்திலேயே ரயில் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. ஓய்வு பெற்ற கையோடு பார்த்ததாலோ என்னவோ, அந்தப் பழைய பாலத்தின் மேல்தான் என் கண் போய் நின்றது.

அங்கே இருந்த பத்து நாளும் எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கமாட்டேன். வீட்டுக்குப் பின்னால் மணலில் மல்லிகைப் பதியன் போட்டிருக்கிறார்கள். மதுரை மல்லி என்று ஊரெல்லாம் பேசுகிறோமே, அந்தச் செடிகளுக்கு நாற்று தங்கச்சிமடத்து மணலிலிருந்துதான் நெடுங்காலமாகப் போய்க்கொண்டிருக்கிறது. விடியற்காலையில் வடகடல் பக்கம் நடந்தால் ஒரு காகமும் நானும் மட்டும். மாலையில் தென்கடல் பக்கம் போனால் அந்தக் காகமும் இல்லை. 'இந்த அமைதிக்காகவே இங்கே வந்துவிடலாம்' என்று ஒரு நாள் இரவு சாப்பிடும்போது சொன்னேன். என் மைத்துனர் சிரிக்காமல், 'மச்சான், இது தடைக்காலம்' என்றார்.

அந்த ஒரு வார்த்தை மூன்று மாதமாக என்னை விடவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நான் கண்டு மகிழ்ந்த அமைதி, கட்டிப்போட்ட படகுகளின் அமைதி. காற்று முறுகினாலும், எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனவர்களுக்காக வேலைநிறுத்தம் நடந்தாலும், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினாலும், அந்தத் தீவு இதே போலத்தான் அமைதியாகிவிடும். அப்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் கடன் ஏறும். படகுகள் போய்த் திரும்பும் நாட்களில் கரையில் ஏலச் சத்தமும் ஐஸ் உடைக்கும் சத்தமும் நம் துறைமுகத்துக்குக் குறையாது. ஓய்வு பெற்றவன் தேடிப்போகும் சுகம் அவர்களுக்கு வருமானமில்லாத நாள் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு, அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கடலைப் பார்ப்பதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் நினைக்கமுடிகிறது.

இதைவிட முக்கியமானது உன் மதினி சொன்னது. பிறந்த ஊர் என்பதால் அவள் துள்ளிக்குதிப்பாள் என்று நீயும் எழுதியிருந்தாய், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவளோ, 'நீங்கள் அங்கே மாப்பிள்ளையாக வந்து நண்டும் மீனும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவர். ஊற்றில் தண்ணீர் ஊறும்வரை குடத்தோடு உட்கார்ந்திருந்தவள் நான்' என்றாள். 1988-இல் சாலைப் பாலம் திறப்பதற்கு முன் ஒரு பிரசவம் சிக்கலானால் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டுதான் உயிரைப் பிடித்து வைத்திருக்கவேண்டும் என்றும், அவளுடைய சின்னம்மா ஒருத்தி அப்படிப் பிடித்து வைக்க முடியாமல் போனவள் என்றும் சொன்னாள். திருமணமாகி 35 ஆண்டில் இதை எனக்கு அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இப்போது குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது, இராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது என்று நான் வாதாடினேன். 'உங்கள் நெஞ்சில் வைத்த ஸ்டென்ட் இராமநாதபுரம் போய்ச் சேரும்வரை பொறுத்துக்கொள்ளுமா?' என்று கேட்டாள். நம் வீட்டிலிருந்து அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் பத்து நிமிடம்.

வெள்ளத்துக்குப் பயந்தாவது தீவுக்குப் போ என்று நீ எழுதியதையும் யோசித்தேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது எங்கள் கூடத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர் நான்கு நாள் நின்றது. கட்டிலின் மேல் கட்டிலைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்ததை உனக்கு எழுதினேன். ஆனால் சென்ற ஆண்டு நவம்பரில் இராமேஸ்வரத்திலும் ஒரு நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. 1964-இல் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோன கதையை அங்கே யாரும் பழங்கதையாகச் சொல்வதில்லை. காற்றழுத்தத் தாழ்வு உருவானால் பெரும்பாலும் இரண்டு இடத்திலும் ஒரே எண் கூண்டைத்தான் ஏற்றுகிறார்கள்.

இரண்டு ஊரும் வேறு வேறு உலகம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் ஒரே சரமாகக் கிடப்பதை மறந்துவிடுகிறோம். அவற்றில் நம் பக்கத்து விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் அவற்றுக்கு அலையைத் தடுக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. என் தாத்தா கட்டிய வீட்டுச் சுவரிலும் அந்தக் கல் இருந்தது. சிறுவயதில் அதைச் சுரண்டி விளையாடியிருக்கிறேன்.

கடைசியில் நாங்கள் செய்திருக்கும் ஏற்பாடு இது. மே மாதத்து அழகைப் பார்த்து முடிவெடுப்பது பெண் பார்க்கும் நாளில் கண்டதை வைத்துக் குடும்பம் நடத்துவது போல என்று உன் மதினி சொல்லிவிட்டாள். ஆகவே ஐப்பசி பிறந்ததும் போய், வாடைக்காற்றும் மழையும் மின்வெட்டும் சேர்ந்து வரும் மூன்று மாதமும் அங்கே இருந்து பார்ப்பது. அதுவரை இந்த வீட்டை யாருக்கும் வாடகைக்கு விடுவதில்லை. பொங்கலன்று அவள் எந்த அடுப்பில் பால் பொங்கவேண்டும் என்கிறாளோ, அந்த ஊர். நான் என் வாக்கை அவளிடமே கொடுத்துவிட்டேன். உள்ளுக்குள் இங்கேதான் திரும்புவோம் என்று தோன்றுகிறது. திரும்பினால் இரண்டு தொட்டி மல்லிகைப் பதியனாவது கொண்டுவருவேன், இந்தக் கரித்தூளில் அது பிழைக்குமா என்று பார்ப்போம்.

நீ கார்த்திகையில் வா. மக்ரூன் பார்சல் அனுப்பச் சொல்லியிருந்தாய். மழைக்காலத்தில் நமத்துப்போகும் என்பதால் இந்த வாரமே அனுப்புகிறேன். தீவுக்கு வரும்போது டார்ச் லைட்டும் பழைய செருப்பும் போதும், புதுச்செருப்பு அந்த ஈரமணலில் பாழாகிவிடும்.

அன்புடன்,
உன் நண்பன்