செயலாளரின் ஆண்டறிக்கை 2025: விளக்குக்குப் பூசிய சாயம்

தலைவர் அவர்களுக்கும், செயலவை உறுப்பினர்களுக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் அக்கா, அண்ணன், தம்பி, தங்கைமார் அனைவருக்கும் வணக்கம்.

2025-இல் நம் பினாங்குக் கைவினைச் சங்கத்தின் செயலவை ஆறு முறை கூடியது. புதிதாக நான்கு பேர் சேர்ந்தார்கள். ஈப்போவுக்கு வீடு மாறிய ஒருவர் விலகினார். ஜனவரியில் பொங்கலுக்கு அலங்காரப் பானைகள் செய்தோம். பிப்ரவரி 11 தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்குப் பலகை எழுதிக் கொடுத்தோம். இரண்டும் குறையில்லாமல் நடந்தன.

இனி அகல்விளக்கு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை வாங்கத்தான் ஆண்டுதோறும் தீபாவளிக்கு விளக்கு விற்கிறோம். முந்திய ஆண்டில் வந்த பணத்தில் பெரும்பங்கு சாயத்துக்கே திரும்பப் போனது. பை கிடைக்காத பிள்ளைகள் இருந்தார்கள். அது எனக்கு ஆண்டு முழுக்க உறுத்தியது. அதனால் ஆகஸ்டில், புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், சாமான் பெட்டிகளைக் கொட்டிப் பார்த்தோம். திறந்த நீலப் புட்டி மட்டும் ஐந்து இருந்தது. மூடி சரியாகப் பொருந்தாமல் உள்ளே சாயம் கெட்டியாகிப்போன புட்டிகள் வேறு. சாயம் விளக்குக்குப் போனதைவிடப் பெட்டியில் செத்ததும் கழுவுதொட்டியில் போனதும்தான் அதிகம். இப்போது பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எடுப்பவர் எழுத வேண்டும், முடிப்பவர் எழுத வேண்டும்.

அடுத்தது மழை. தீபாவளி அக்டோபர் 20-இல் வந்தது. பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும்தான் நல்ல மழைக்காலம். நாம் பயன்படுத்தும் அக்ரிலிக் சாயம், அதிலுள்ள நீர் ஆவியானால்தான் காயும். காற்றே ஈரமாக இருந்தால் எங்கே போய்க் காயும்? சூடான ஹேர் டிரையரைப் பக்கத்தில் பிடித்தால் மேலே தோல்போல் காய்ந்து, அடியில் ஈரம் நிற்கும். அடுத்த பூச்சு இழுக்கும்போது எல்லாம் சேர்ந்து பெயர்ந்து வரும். முந்திய ஆண்டு அப்படிப் பெயர்ந்த விளக்குகளுக்கு மறுபடியும் அடித்தோம். அதிலேயே எவ்வளவு நேரம், எவ்வளவு சாயம்!

இந்த முறை ஒருவர் ஒரு விளக்கைத் தொடங்கி அவரே முடிப்பது என்பதை விட்டோம். மண் விளக்குகளை ஈரத்துணியால் தூசி துடைத்து, வெயில் கண்ட நாள் பார்த்து முற்றக் காயவைத்தோம். முதல் சனிக்கிழமை 300 விளக்குக்கும் வெள்ளை அடிப்பூச்சு மட்டும். கடைசி விளக்கை முடிக்கும்போது முதல் விளக்கு காய்ந்திருந்தது. விசிறிக் காற்றே போதுமாக இருந்தது. இரண்டாம் சனிக்கிழமை நிறம். மூன்றாம் சனிக்கிழமை தூரிகையின் பின்முனையால் புள்ளிக் கோலம். யாரும் சும்மா உட்கார்ந்து காத்திருக்கவில்லை. மாலை ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போனோம்.

அடிப்பூச்சுக்குச் சுவருக்கு அடிக்கும் வெள்ளை எமல்ஷன் சாயமே போதும். சுடுமண் முதல் பூச்சை அப்படியே குடித்துவிடும். குடிப்பதை மலிவான வெள்ளை குடிக்கட்டும், மஞ்சளும் சிவப்பும் மேலே நிற்கட்டும். அதற்காக நிறச் சாயத்திலும் மலிவு பார்க்கக்கூடாது என்பது என் கருத்து. ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைத்ததே என்று ஒருமுறை வாங்கினோம். நிறப்பொடி குறைவு, மூன்று பூச்சு அடித்தும் மண் தெரிந்தது. மூன்று பூச்சுக்கான சாயத்தையும் நேரத்தையும் கணக்கிட்டால் அது மலிவே இல்லை. பொன்னிறத்துக்கு அடியில் காவி மஞ்சள் அடித்துக்கொண்டால் ஒரே பூச்சில் எடுத்துக் கொடுக்கிறது.

தட்டில் ஊற்றிய சாயம் காய்ந்து போவதற்கும் வழி கண்டோம். இறுக மூடும் சாப்பாட்டு டப்பாவில் நனைத்த பஞ்சுத்துணி, அதன்மேல் கேக் சுடும் தாள், அதன்மேல் சாயம். மூடி வைத்தால் மறுநாளும் இளக்கமாக இருக்கிறது. நம் ஊர்ச் சூட்டில் நாளானால் நாற்றம் எடுக்கும். துணியை மாற்றிவிட வேண்டும். ஒரு தொகுதி விளக்குகளுக்கு வேண்டிய கலப்பு நிறத்தை ஒரே தடவையில் கலந்து புட்டியில் அடைத்துவிடுங்கள். மீண்டும் கலந்தால் அதே பச்சை வரவே வராது.

தூரிகை பற்றி, நம்மில் மூத்த பாட்டியம்மா சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன்: "ஏம்மா, பிரஷைத் தலைகீழா தண்ணியில நிக்க வச்சா, அது கூன் விழாம என்ன செய்யும்?" அன்றிலிருந்து கழுவி, சவர்க்காரம் தடவி, முனையை விரலால் கூராக்கிப் படுக்க வைக்கிறோம். இந்த ஆண்டு ஒரு தூரிகைகூடப் புதிதாக வாங்கவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் விளக்கின் உள்பக்கத்துக்கும் சாயமும் வார்னிஷும் அடித்தோம், பார்க்க அழகாக இருந்தது. முந்திய தீபாவளி இரவு என் வீட்டு வாசலிலேயே திரி மூக்கில் சாயம் கருகி நாறியது. நெருப்பு படும் இடத்தில் அது இருக்கவே கூடாது. இந்த ஆண்டு உள்பக்கமும் மூக்கும் வெறும் மண்ணாகவே விட்டோம். விளக்குக்கு விளக்கு சாயமும் மிச்சம். ஆனால் மிச்சத்துக்காக அல்ல, நம் விளக்கை வாங்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காகத்தான் அந்த முடிவு. அதை மாற்ற யாரும் தீர்மானம் கொண்டுவந்தால் நான் எதிர்ப்பேன்.

சாயச் செலவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தொகைகளைப் பொருளாளர் தம் அறிக்கையில் படிப்பார். போன முறை விடுபட்ட பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பை வாங்கியாயிற்று.

மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, இக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் ஆண்டு விவரங்களைச் சங்கப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையொப்பம் இடாதவர்கள் கிளம்புமுன் இட்டுவிடுங்கள். அறிக்கையை முன்மொழிந்து, வழிமொழிந்து ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்