மரங்கொத்தியை ஏமாற்றிப் படமெடுக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பங்குனி, சித்திரை வெயிலுக்குப் பிறகு நாலு மழை பெய்தால் போதும், சாலையோரத்து டிரம்பெட் மரங்கள் பூத்துக் கொட்டுகின்றன. ஜப்பானின் செர்ரிப் பூவை நினைத்து 'சிங்கப்பூர் சக்குரா' என்று ஆளுக்கொரு கைப்பேசியோடு கிளம்பிவிடுகிறோம். வசந்தமே இல்லாத ஊரில் நமக்கு வாய்த்த வசந்தம் அது. நான் அந்த நாட்களில் மரங்கொத்தி தேடிப் போகிறவன்.

முப்பது வருடம் கப்பல் பட்டறையில் துரு தட்டியவன் நான். ஒருநாள் காலை பாசிர் ரிஸ் பூங்காவில் 'டக் டக்' என்று கேட்டதும் பழைய பழக்கத்தில் நிமிர்ந்தேன். பட்டுப்போன தென்னையில் பொன்முதுகு மரங்கொத்தி ஒன்று, செக்கச்செவேலென்ற கொண்டையோடு. சேவல் அது. பெட்டைக்குக் கொண்டை கறுப்பு, அதில் வெள்ளைக் கீற்றுகள்.

முதல் மாதம் நான் எடுத்த படங்களில் பாதிக்குத் தலையே இல்லை, வெறும் கலங்கல். கேமராவின் ஷட்டர் வேகத்தை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுபோன பிறகுதான் கொத்துகிற அலகு படத்தில் அசையாமல் நின்றது. துரத்திப் போனால் மரத்தைச் சுற்றி மறுபக்கம் ஒளிந்துகொள்ளும். பேசாமல் உட்கார்ந்துவிட்டால் அதுவாகவே இந்தப் பக்கம் வரும். இந்த வகைக்குக் காலுக்கு மூன்றே விரல். விறைத்த வாலை மரத்தில் ஊன்றிக்கொண்டு நிற்கும். (கேமராவுக்கு நான் வாங்கிய முக்காலி அவ்வளவு உறுதியில்லை!)

சொல்ல வந்தது வேறு. சென்ற மாதம் மரங்கொத்தி ஜோடி ஒன்று கூடு வைத்திருந்த பொந்தின் கீழே ஏழெட்டுப் பேர் கேமராவோடு நின்றார்கள். ஒருவர் கைப்பேசியில் மரங்கொத்தியின் குரலை ஒலிக்கவிட்டார். உடனே சேவல் பாய்ந்து வந்தது. தன் இடத்துக்குள் வேறொருவன் புகுந்துவிட்டான் என்று கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு மரம் மரமாகத் தேடியது. அது ஓய்ந்தால் மறுபடி குரல். இருபது நிமிடம் இந்தக் கூத்து. அவ்வளவு நேரமும் இரண்டில் ஒன்றுகூடப் பொந்துப் பக்கம் போகவில்லை.

நானும் யோக்கியனில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இதே வேலையைச் செய்து ஒரு படம் எடுத்துக் கூடத்தில் மாட்டினேன். வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "யாருகிட்டயோ சண்டைக்கு நிக்கிற மாதிரி இருக்கே" என்றாள். அந்த 'யாரோ' என் கைப்பேசிதான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. படத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

காட்டு உயிர்களுக்குத் தீனி போடுவது 2020 முதல் குற்றம். முதல் முறைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் உண்டு. அதனால் பறவையை வரவழைக்கப் புழு தூவ அஞ்சுகிறவர்கள் குரலைப் போடக் கூசுவதில்லை. குஞ்சு பறக்கும்வரை கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். பறவைப் படங்களை வெளியிடும்போது, பொந்து இருக்கும் இடத்தைத் தாங்களும் போட வேண்டாம்.

பாசிர் ரிஸில் எந்தத் தென்னை என்று யாரும் கேட்டு எழுத வேண்டாம். சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டறை ஊழியர், பாசிர் ரிஸ்