பனை ஏறும் பின்னங்கள்

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தனம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்கு முழங்கால் வலிதான் காரணம் என்று சொல்லிப் பார்க்கலாம். எழுதுவது கையால்தானே என்று நீ கேட்பாய். பயிற்சி மாணவர்களின் பாடக்குறிப்புகளைத் திருத்தியே ஞாயிறெல்லாம் போய்விட்டது. பேரனுக்குத் தலை நின்றுவிட்டதா? இங்கே கணவாய்க் காற்று பிடித்துக்கொண்டது. காயப்போட்ட சேலையைப் பக்கத்து வீட்டு வேலியிலிருந்துதான் எடுத்து வருகிறேன்.

இந்த வருடம் என் தலையில் புதிதாக ஒரு பாடத்தைக் கட்டியிருக்கிறார்கள். டிஜிட்டல் விளையாட்டுகளை வைத்து எப்படிக் கற்பிப்பது என்று வருங்கால ஆசிரியர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். செல்போனில் பட்டனைத் தேடுகிற நான்! சிரிக்காதே. கேரளத்தில் தொடக்கப் பள்ளிக் கணினிப் பாடப் புத்தகத்துக்கே 'களிப்பெட்டி' என்றுதான் பெயர். களி என்றால் நம் வீட்டில் கிண்டுவது, மலையாளத்தில் விளையாட்டு. பள்ளிக் கணினியில் ஜிகாம்ப்ரி என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பை விளையாடி வளர்ந்தவர்கள்தான் இன்று என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கே அழுத்துவது என்று அவர்கள் எனக்குச் சொல்கிறார்கள், எதற்கு அழுத்துவது என்று நான் கேட்கிறேன். இப்படித்தான் வண்டி ஓடுகிறது.

முதல் வாரமே நான் கோட்டை விட்டேன். புள்ளி, பேட்ஜ், முன்னணிப் பட்டியல் என்று சொல்கிறார்களே, அதை அவர்களிடமே செய்து காட்டலாம் என்று சுவரில் ஒரு சார்ட் மாட்டினேன். நல்ல கேள்வி கேட்டால் ஒரு நட்சத்திரம். நான்கு நாள் வகுப்பு களைகட்டியது. ஐந்தாம் நாள் ஒரு கட்டுரையைப் படித்து வரச் சொன்னேன். "இதுக்கு ஸ்டார் உண்டா டீச்சர்?" என்றாள் ஒருத்தி. அன்று மாலையே சார்ட்டைக் கழற்றினேன். 1973இல் அமெரிக்காவில் லெப்பர் என்பவரும் சக ஆய்வாளர்களும் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அப்படியே கொடுத்தார்கள். பிறகு யாரும் எதுவும் தராத நேரத்தில், அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களோடு ஒப்பிட ஏறக்குறைய பாதிதான். என் சார்ட்டைக் கழற்றிய பிறகுதான் இதை வகுப்பில் சொன்னேன். முன்பே சொல்லியிருந்தால் குறிப்பெடுத்துவிட்டு மறந்திருப்பார்கள்.

அப்புறம் கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிகளுக்குப் போனார்கள். ஐந்தாம் வகுப்பில் என் மாணவன் ஒருவன் கஹூட் என்ற இணைய விளையாட்டில் வினாடி வினா நடத்தினான். அதில் சரியாகச் சொன்னால் மட்டும் போதாது, சீக்கிரம் சொன்னால் கூடுதல் புள்ளி. ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் திரையில் முதல் ஐந்து பெயர். வகுப்பு கூரை பறக்கக் கத்தியது. நான் பின்பெஞ்சில் இருந்தேன். என் முன்னால் ஒரு சிறுவன் மூன்றாவது கேள்விக்கே கையைக் கட்டிக்கொண்டான். யோசிக்கிற பிள்ளை, தனம். யோசிக்கிறவனுக்கு அங்கே நேரமில்லை.

"நாங்கள் விளையாட்டு உருவாக்க இன்ஜினியரா டீச்சர்?" என்று கேட்டவர்களுக்கு ஒரேகன் டிரெயில் என்ற பழைய கணினி விளையாட்டின் கதையைச் சொன்னேன். 1971இல் மினியாபொலிஸில் அதைச் செய்த மூவரும் கற்பித்தல் பயிற்சியில் இருந்த மாணவர்கள்தான். ஒருவர் வரலாற்றுப் பாடத்துக்குத் திட்டம் போட, அறைத்தோழர்கள் இருவர் இரண்டு வாரத்தில் நிரலை எழுதிக் கொடுத்தார்கள். திரைகூடக் கிடையாது, எல்லாம் டெலிபிரின்டர் தாளில் அடித்து வரும். அதைக் கேட்ட ஒரு பெண், மரமேறியின் மகள், பிள்ளைகளும் நிரல் எழுதக்கூடிய ஸ்கிராட்ச் மென்பொருளில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் செய்தது ஒரு பனைமரம். அடி 0, கொண்டை 1. கலயம் கொண்டையில், ஏறுகிறவர் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்பார். இன்னும் எவ்வளவு ஏற வேண்டும் என்று பிள்ளை பின்னத்தை இட வேண்டும். 2/3இல் நின்றால் 1/3 சரி. தப்பாகப் போட்டால் சிவப்புக் குறியும் இல்லை, மணியும் இல்லை. இட்ட எண் எங்கே கொண்டுபோகுமோ அங்கே போய் நிற்பார். 1/6 என்றால் கலயத்துக்குக் கீழே தொங்குவார், 1/2 என்றால் ஆகாயத்தில். இதே சூட்சுமத்தில் 1970களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ என்ற கற்பித்தல் கணினியில் ஒரு அம்பு விளையாட்டு இருந்தது. இட்ட எண்ணுக்கே அம்பு பாயும். அவளுக்கு அது தெரியாது. அப்பா ஏறுவதைப் பார்த்துச் செய்தாள்.

கையைக் கட்டிய சிறுவன் இதில் என்ன செய்தான் தெரியுமா? ஆளை வேண்டுமென்றே ஆகாயத்துக்கு அனுப்பினான். மேலே 1 1/2இல் ஒரு மேகம் இருந்தது, சும்மா அழகுக்காக அவள் வைத்தது. 2/3இல் நின்ற ஆளைச் சரியாக மேகத்தின்மேல் உட்காரவைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எத்தனையோ முறை தப்பி, கடைசியில் 5/6 போட்டான். சேட்டைதான், ஆனால் அன்று அந்த அறையில் நடந்த மிகக் கடினமான கணக்கு அதுதான்.

இதை உனக்குச் சாதனைக் கதையாக எழுதவில்லை. மறுநாள் அதே கணக்கைத் தாளில் கொடுத்தேன், தப்பாகப் போட்டான். மரத்தைக் கரும்பலகையில் வரைந்து, "நேற்று எப்படிப் போனார்?" என்று அவள் கேட்ட பிறகுதான் மரத்தை ஆறு பங்காகப் பிரிக்கத் தொடங்கினான். அதனால் இப்போது பாடக்குறிப்பில் விளையாட்டைவிட, கணினியை அணைத்த பின் வரும் பத்து நிமிடத்தைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். பாதிப் பேர் அந்த இடத்தைக் காலியாக விட்டு வருகிறார்கள்.

ஒரு வேடிக்கை. முதலில் கள்ளுக் கலயம் என்று எழுதியிருந்தாள். சித்தூர் தாலுகாவில் அது பிழைப்பு, ஆனால் வகுப்பறை ஆயிற்றே என்று பதனீர் ஆக்கச் சொன்னேன். பிள்ளைகள் விடவில்லை: "பதனீர்னா கலயத்துல சுண்ணாம்பு எங்க டீச்சர்?" இப்போது கலயத்துக்கு உள்ளே வெள்ளை அடித்திருக்கிறாள்.

தை மாதம் கல்யாணத்துக்கு வரும்போது பென்டிரைவில் கொண்டு வருகிறேன். உன் ஐந்தாம் வகுப்பில் போட்டுப் பார். பொள்ளாச்சிப் பிள்ளைகளுக்குப் பனையேறுவது பழக்கமா, இல்லை தென்னையாக மாற்றச் சொல்லவா? முன்னாலேயே எழுது, அவளுக்கு மட்டை வரைய ஒரு வாரம் வேண்டுமாம்.

உன்
சாந்தா